காய்ந்த பின்னும் நீலம்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கிழமை, இரத்தமும் சிறுநீரும் சோதிக்கும் எங்கள் லாப்பின் முன் மேசையில் இருக்கும் பிள்ளை என்னைக் கூப்பிட்டு இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைக் காட்டினாள். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றதில் 'அல்கலைன்' என்று கடையில் விலை கொடுத்து வாங்கிய காரத் தண்ணீர். ஒரு கனவான் இரண்டையும் மேசையில் வைத்து, இந்தக் காரத் தண்ணீரைக் குடித்தால் தன் உடம்பு எத்தனை நாளில் காரமாக மாறும் என்று சோதித்துச் சொல்லச் சொன்னாராம். "அண்ணை, உடம்பிலை அமிலம் கூடினால் கூடாது, காரம் கூடினால் நல்லது எண்டு எல்லாரும் சொல்லீனம். நீங்கள் இவ்வளவு காலம் இதுக்குள்ளை இருந்தனீங்கள். உண்மையே?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டுப் போத்தல்களை எடுத்து ஓரமாக வைத்தேன். பிரியாவிடை நாளிலும் அதே கேள்வியைக் கேட்டார்கள். பேசச் சொல்லி எழுப்பி விட்டார்கள். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பேச வராவிட்டால் எழுதியாவது கொடுங்கள் என்று கொப்பி ஒன்றை வாங்கித் தந்தார்கள். எழுதுவது எனக்குப் பேசுவதை விடச் சுகம். நான் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

என் பெயர் ராமையா. மலையகத்தில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதன் பிறகு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் தங்கி, கிடைத்த வேலையெல்லாம் செய்தேன். வெள்ளவத்தையில் ஒரு சிறிய லாப்பில் போத்தல் கழுவ ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கேயே இருந்துவிட்டேன். முழங்கால் இரண்டும் படி ஏற மறுத்ததால் இப்போது நிற்கிறேன். இல்லாவிட்டால் இன்னும் சில வருடம் இருந்திருப்பேன்.

அந்தக் காலத்தில் லாப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் பரமேஸ்வரி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு எங்களிடம் வந்தவர். கழுத்தில் ஒரு கண்ணாடி தொங்கும், தலையில் இன்னொன்று இருக்கும், இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைத் தேடுவார். சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. சோதனைக்கு வந்த மாதிரி, இரத்தமோ சிறுநீரோ, சரியில்லை என்றால், கொண்டுவந்தவர் பெரிய டொக்டரின் ஆள் என்றாலும், "திரும்ப எடும்" என்ற இரண்டு சொல்தான். அதற்கு மேல் கெஞ்சினால் காது கேட்காதவர் போல நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துவிடுவார். பகல் பன்னிரண்டு இருபதுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார். அந்தப் பதினைந்து நிமிடம் யாரும் அவரோடு பேசுவதில்லை. டெலிபோன் மணி அடித்தாலும் எடுக்க மாட்டார்.

என் பயிற்சி ஒரு மாதம். அது முழுவதும் கழுவல்தான். முதல் கிழமை பன்னிரண்டு போத்தல் கழுவிக் கொடுத்தேன். அடுத்த நாள் அவற்றில் வந்த பன்னிரண்டு சிறுநீரும் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கின. மிஸ் பன்னிரண்டு தாளையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ராமையா, வெள்ளவத்தை முழுக்க ஒரே நாளிலை ஒரே வருத்தம் வராது. போத்தலிலை சவர்க்காரம் நிக்குது."

அன்றிலிருந்து ஒவ்வொரு போத்தலையும் ஐந்து தண்ணீரில் அலசுவேன். கடைசித் தண்ணீரில் ஒரு துண்டுத் தாளைத் தொட்டுப் பார்த்து, நிறம் மாறாவிட்டால்தான் கவிழ்த்து வைப்பேன். மிஸ் ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்ப்பார். ஒரு வருடத்துக்குப் பிறகு மணப்பதை நிறுத்தினார். அதுதான் எனக்குக் கிடைத்த சான்றிதழ்.

லிட்மஸ் தாளைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது பத்துக் கட்டம் வைத்த பட்டையை மெஷினுக்குள் விட்டால் அது தானே எல்லாவற்றையும் அச்சடித்துத் தருகிறது. அப்போது சிறிய புத்தகம் போல இரண்டு வரும். ஒன்று சிவப்புத் தாள், மற்றது நீலம். அமிலம் பட்டால் நீலத் தாள் சிவக்கும். காரம் பட்டால் சிவப்புத் தாள் நீலமாகும். விரலால் தொடக்கூடாது, வியர்வையே நிறத்தைக் கெடுத்துவிடும். இடுக்கி போன்ற சாமணத்தால் கிழித்து, கண்ணாடிக் கம்பியால் ஒரு சொட்டு வைக்க வேண்டும்.

மிஸ் நிறத்தைப் பார்த்து எழுதிய பிறகு தாளை எறிந்துவிடலாம். நான் எறிய மாட்டேன். கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த வெள்ளை ஓடுகளில், அன்றைய மாதிரிகள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் ஒட்டி வைப்பேன். ஈரத்தில் அவை தாமாக ஒட்டிக்கொள்ளும். காரணம் வேறொன்றுமில்லை. பதிவுப் புத்தகம் இங்கிலீசில் இருந்தது. எனக்கு அது ஓடாது. யாராவது மூன்றாவது ஆளின் போத்தல் எது என்று கேட்டால், ஓட்டைப் பார்த்துத்தான் சொல்வேன். பின்னேரம் எல்லா றிப்போர்ட்டும் கையெழுத்தான பிறகு துடைத்துவிடுவேன். என் வெட்கத்தை மறைக்கச் செய்த வேலை. மிஸ் அதைக் கண்டிருப்பார், ஏன் என்று கேட்டதில்லை.

நாளுக்கு நாள் அந்த ஓடுகளைப் பார்த்ததில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வைத்திருந்து பழசான சிறுநீர் தாளை நீலமாக்கும், மூக்கைத் துளைக்கும் நாற்றமும் இருக்கும். ஆனால் அந்தத் தாள் காயக் காய நீலம் போய், மறுபடி சிவப்புக்கு வந்துவிடும். எப்போதாவது ஒன்று மட்டும் காய்ந்த பின்னும் நீலமாகவே இருக்கும். ஏன் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

காலையில் மாதிரி சேகரிக்கப் போவதும் என் வேலையாயிற்று. வெள்ளவத்தை லொட்ஜுகளுக்குப் போவேன், பாமன்கடைப் பக்கம் இருந்த ஒரு நேர்சிங் ஹோமுக்குப் போவேன். வழியில் ஆமி செக்பொயின்ற். யுத்தக் காலம், தமிழ் ஆள், கையில் பை. பைக்குள் மஞ்சள் மஞ்சளாகப் போத்தல். அப்போது தண்ணீர்ப் போத்தல் கொண்டு போனால் குடித்துக் காட்டச் சொல்வார்கள். முதல் நாளே ஒரு இளம் சிப்பாய் என் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் தூக்கிப் பிடித்து, "பீலா பென்னன்ன" என்றான். குடித்துக் காட்டு என்று.

எனக்குப் பேச்சு வரவில்லை. சாதாரணமாகவே வராது. அவன் துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு மூடியைத் திறந்து என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தான். அப்போதுதான் மணம் அவனுக்கே போயிருக்க வேண்டும். நான் மெதுவாக, "முத்ரா, சார்" என்றேன், மூத்திரம் என்று. பின்னால் இருந்த வயதான கோப்ரல் பலகையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தப் பையனைக் கை கழுவ அனுப்பினார். அன்றிலிருந்து அந்தக் காவலில் நான் "முத்ரா அய்யே", மூத்திர அண்ணன். தூரத்தில் கண்டாலே கையசைத்து விட்டுவிடுவார்கள். கொட்டாஞ்சேனையில் அண்ணி இதைக் கேட்டுவிட்டு, அடையாள அட்டையை விட இந்தப் பெயர் உனக்குப் பிரயோசனம் என்றார்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

ஒரு நாள் காலை நேர்சிங் ஹோமில் ஐந்து பேருடைய சிறுநீரும் ஒரு ஆளின் இரத்தமும் எடுத்துப் போகச் சொன்னார்கள். இரத்தமும் ஐந்தில் ஒரு சிறுநீரும் தவராசா என்பவருடையவை. நாற்பது வயது. எங்கள் லாப்புக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த லொட்ஜில் தங்கியிருந்தவர். மனைவியும் மகளும் கனடாவில். அவர்கள் இவரை அங்கே கூப்பிட்டிருந்தார்கள், விசாவுக்கான உடல் சோதனைக்கு, எம்பசி மெடிக்கலுக்காக, இவர் காத்திருந்தார். அந்த மெடிக்கல் இரண்டு தரம் தள்ளிப்போய்விட்டது. ஒரு மாதத்துக்கு முன் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் இவரையும் பிடித்துப் போய் அடுத்த நாள் விட்டிருந்தார்கள். இப்போது பத்து நாளாக மனிதர் சரியில்லை. சாப்பிட்டால் வாந்தி. நித்திரை இல்லை. தொடர்பில்லாமல் பேச்சு. யாரைக் கண்டாலும் பயம். எல்லோரும் அந்த ஒரு நாள் பிடிபட்ட பயம்தான் புத்தியைப் பிசகாக்கிவிட்டது என்றார்கள். டொக்டரும் அப்படித்தான் நினைத்தார். அன்று பகல் இரண்டு மணிக்கு மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வான் சொல்லியாயிற்று.

நான் போனபோது அவர் கட்டிலில் கிடந்தார். விரல்கள் எல்லாம் கூடி, சுண்ணாம்பு கிள்ளுவது போல இறுகிப் போயிருந்தன. பக்கத்தில் அவருடைய அக்கா. தம்பியைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ஆமியிடம் எத்தனையோ பயண பாஸ் எடுத்து வந்தவர். என்னை வராந்தா வரை தொடர்ந்து வந்தார்.

"தம்பி, தவத்துக்குப் பைத்தியம் இல்லை. ஒருக்கா அங்கை பதிஞ்சாப் பிறகு எந்த எம்பசியும் எடுக்காது. அவன்ரை பிள்ளை தகப்பனைக் கண்டு அஞ்சு வரியம். இரத்தத்திலை ஏதும் இருக்கெண்டு வந்தால் டொக்டர் வானை நிப்பாட்டுவாராம். கெதியாப் பார்த்துச் சொல்லுங்கோ."

நான் தலையை ஆட்டிவிட்டு ஓடினேன்.

அன்றைக்குப் பார்த்துச் செக்பொயின்றில் காவல் மாறியிருந்தது. எல்லாம் புது முகங்கள். முத்ரா அய்யேயை அங்கே யாருக்கும் தெரியாது. பையை வெயிலில் மேசை மேல் வைத்துவிட்டு என்னை ஓரமாக நிற்க வைத்தார்கள். லாப்புக்கு டெலிபோன் எடுத்தார்கள், லைன் கிடைக்கவில்லை. என் பெயர், ஊர், அப்பா பெயர் என்று மூன்று தரம் எழுதினார்கள். விட்டபோது பதினொன்றே கால்.

மிஸ் பையைத் திறந்தார். இரத்தத்தை மெஷினில் சுற்ற வைத்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் சிவந்து போயிருந்தது. வெயிலில் இரத்தம் உடைந்துவிட்டது என்று அதற்குப் பொருள். இனி அதில் உப்புகளைப் பார்த்தால் பொய்தான் சொல்லும். சிறுநீர் ஐந்தில் இரண்டு சிவப்புத் தாளை நன்றாக நீலமாக்கின. ஒன்று ஒரு அம்மாவுடையது, மற்றது தவராசாவுடையது. இரண்டு மணி நேரம் வெயிலில் இருந்தது என்று நான் சொன்னேன். மிஸ் மற்ற மூன்றையும் சோதித்தார். அந்த இரண்டுக்கும் இரத்தத்துக்கும் நேராக, பழசு, திரும்ப எடுக்கவும் என்று எழுதினார். நேர்சிங் ஹோமுக்கு டெலிபோனில் சொன்னார். நோயாளிக்கு நித்திரைக்கு ஊசி போட்டாயிற்று, டொக்டர் வெளியே போயிருக்கிறார், இனித் திரும்ப எடுக்க நேரமில்லை, வான் வரும்போது அப்படியே அனுப்பிவிடுவோம் என்று அங்கிருந்து பதில் வந்தது. மிஸ் டெலிபோனை வைத்தார். அவர் மீது பிழை இல்லை. பழைய மாதிரியை வைத்துச் சொல்லும் பொய்யை விட ஒன்றும் சொல்லாமல் இருப்பது மேல் என்பது அவருடைய விதி. நானும் அதைத்தான் பழகியிருந்தேன்.

பன்னிரண்டு இருபதுக்கு மிஸ் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். நான் போத்தல் கழுவப் போனேன். தொட்டிக்கு மேலே ஓடுகளில் ஐந்து தாள். நான்காவது, அந்த அம்மாவுடையது, காய்ந்து சிவப்புக்குத் திரும்பிவிட்டது. ஐந்தாவது தவராசாவுடையது. அதுவும் காய்ந்துவிட்டது. ஆனால் நீலம். ஈரமாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே நீலம்.

இரண்டும் ஒரே பையில், ஒரே வெயிலில் இருந்தவை. ஒன்று பழசானதால் மாறியது என்றால் மற்றதும் அப்படித்தானே திரும்பியிருக்க வேண்டும்? எனக்கு அந்த அளவுக்குத்தான் யோசிக்கத் தெரிந்தது. அதற்கு மேல் என்ன என்பது மிஸ்ஸுக்குத்தான் தெரியும். மிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு வருடத்தில் நான் அவரிடம் "சரிங்க மிஸ்" என்பதைத் தவிர முழுதாக ஒரு வசனம் சொல்லியிருப்பேனா தெரியாது. கதவடியில் போய் நின்றேன். திரும்பி வந்தேன். இன்னொரு போத்தலைக் கழுவினேன். மணி பன்னிரண்டரை. மறுபடி போய் நின்றேன். அவர் தலை நிமிராமலே கேட்டார்.

"என்ன ராமையா, ஏன் நிக்கிறீர்?"

"காஞ்சிருச்சுங்க மிஸ். காஞ்சும் நீலமா இருக்குங்க."

"எது?"

"அந்த லொட்ஜ் ஐயாவோடதுங்க. அந்த அம்மாவோடது திரும்பிருச்சுங்க. இது திரும்பலைங்க. ரெண்டும் ஒண்ணாத்தாங்க வெயில்ல இருந்துச்சு."

மிஸ் கையில் எடுத்த சோற்றைப் பெட்டியில் வைத்தார். கை கழுவினார். தொட்டியடிக்கு வந்து, தலையில் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி, ஓட்டுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். அந்த இரண்டு போத்தலும் நான் இன்னும் ஊற்றாமல் வைத்திருந்தவை. இரண்டிலிருந்தும் புதுத் தாளில் சொட்டு வைத்தார். இரண்டும் நீலமாகின. ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்து, நெருப்புப் படாத உயரத்தில் இரண்டு தாளையும் சாமணத்தால் பிடித்து மெதுவாகச் சூடாக்கினார். அந்த அம்மாவுடைய தாள் எங்கள் கண்ணுக்கு முன்னால் சிவந்தது. மற்றது அசையவில்லை.

"பழசான மூத்திரத்திலை இருக்கிறது பறந்து போற காரம். சூடு பட்டால் போயிடும். இது போகேல்லை. இது போத்தலிலை உண்டானதில்லை ராமையா, அந்த மனிசன்ரை உடம்பிலை இருந்து வந்தது." கொஞ்சம் நிறுத்தி, "ஆர் உம்மை இதுகளை எடுத்து வைக்கச் சொன்னது?" என்றார்.

"ஒருத்தரும் இல்லைங்க. எனக்கு இங்கிலீசு வாசிக்க வராதுங்க, அதான்."

அந்த ஐயாவின் விரல்கள் இறுகிக் கிடந்ததை நான் சொன்னேன். இரத்தத்தில் காரம் கூடினாலும் விரல்கள் அப்படி இறுகும், புத்தி தடுமாறும் என்று மிஸ் சொன்னார். நேர்சிங் ஹோமுக்கு மறுபடி டெலிபோன் எடுத்தார். டொக்டர் ஒன்றரைக்குத்தான் வருவார். வந்ததும் அவர் முதலில் கேட்கப்போவது இந்த ஆள் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்பதைத்தான். அவருடைய அக்கா உடுப்புக் கட்ட லொட்ஜுக்குப் போயிருக்கிறார் என்று அங்கே சொன்னார்கள். மிஸ் என்னைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டினேன்.

அந்த லொட்ஜில் சமைக்க விடமாட்டார்கள். மூன்று நேரமும் கடைச் சாப்பாடுதான். நான் போனபோது அக்கா தம்பியின் சேர்ட்டுகளை மடித்துச் சூட்கேசில் வைத்துக்கொண்டிருந்தார். ஐயா என்ன மருந்து குடிப்பார் என்று கேட்டேன். மருந்து ஒன்றும் இல்லை என்றார். வேறு ஏதாவது குடிப்பாரா என்றேன். அவர் யன்னலடியில் இருந்த ஒரு பால்மா டின்னைக் காட்டினார். திறந்தால் வெள்ளைத் தூள், அப்பத்துக்குப் போடும் சோடா உப்பு. அப்பச்சோடா.

"இது மெடிக்கலுக்கு," என்றார். "இஞ்சை எல்லாரும் குடிக்கினம். மூத்திரத்திலை தாள் நீலமா வந்தால்தான் பாஸ் பண்ணுவினமாம். சிவப்பெண்டால் உடம்பு பழுதாம். மெடிக்கல் தள்ளிப் போகப் போக இவனும் விடாமல் குடிச்சவன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம், தேத்தண்ணி மாதிரி."

யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன்.

"ஆரோ லாப் ஆள்தான் சொன்னவராம். இஞ்சை மூத்திரம் எடுக்க வாறவராம்."

அந்த லொட்ஜுக்கு மூத்திரம் எடுக்கப் போகிறவன் நான் ஒருவன்தான்.

உடனே ஞாபகம் வரவில்லை. படியில் இறங்கும்போது வந்தது. சில மாதங்களுக்கு முன், மாடிப்படியில் என்னை நான்கைந்து பேர் மறித்தார்கள். அந்தத் தாளில் நீலம் வந்தால் நல்லதா, சிவப்பு வந்தால் நல்லதா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீலம்தானே என்று அவர்களில் ஒருவர் கேட்டபோது தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்த ஒரு தலையாட்டலை வைத்து ஒரு லொட்ஜே சோடா குடித்திருக்கிறது.

அக்காவையும் டின்னையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் பாமன்கடைக்குப் போனேன். செக்பொயின்றில் டின்னைத் திறக்கச் சொன்னார்கள். வெள்ளைத் தூளைக் கண்டதும், வெடிமருந்தாக்கும் என்று இரண்டு பேர் பின்வாங்கினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்துக் காட்டினார். "அப்பச்சோடா," என்றார், யாழ்ப்பாணத்துத் தமிழில். சிங்களத்திலும் அதற்கு அதுதான் பெயர். விட்டுவிட்டார்கள்.

ஒன்றே முக்கால். வாசலில் வான் நின்றது. டொக்டர் மேசையில் கடிதத்தை எழுதி முடித்திருந்தார். மிஸ் அவரோடு டெலிபோனில் பேசியிருந்தார், ஆனால் அவர் இன்னும் நம்பவில்லை. வெயிலில் கிடந்த மாதிரியை வைத்து என்ன முடிவு எடுப்பது என்று முகத்தில் எழுதியிருந்தது. அக்கா டின்னை மேசையில் வைத்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது, பேச முடியவில்லை. ஆகவே நான் பேச வேண்டியதாயிற்று.

"ஐயா, இதை ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை குடிச்சிருக்காருங்க. மூத்திரம் நீலமா வரணும்னு. நீலம் நல்லதுன்னு நான்தாங்க தலையாட்டினேன். எனக்குத் தெரியாமலே ஆட்டிட்டேங்க."

டொக்டர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் டின்னைச் சாய்த்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். எத்தனை கிழமையாக என்று அக்காவிடம் கேட்டார். ஆறு கிழமை என்று பதில் வந்தது. வாந்தி எத்தனை நாள், தண்ணீர் குடித்தாரா என்றெல்லாம் கேட்டார். பிறகு எழுதிய கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். நேர்ஸிடம் சேலைன் ஏற்றச் சொன்னார். புதிதாக இரத்தம் எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு என்னையே கொண்டுபோகச் சொன்னார். வான் டிரைவர் மட்டும்தான் அன்று மனவருத்தப்பட்டவர். சாப்பிடாமல் ஓடி வந்தேன், ஆள் இல்லையா என்று நெடுநேரம் முறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இரத்தத்தில் காரம் நன்றாகக் கூடியிருந்தது, பொட்டாசியம் குறைந்திருந்தது. மிஸ் எனக்கு விளங்கும்படி சொன்னார். இரத்தத்தில் அமிலமும் காரமும் ஒரு சிறிய இடைவெளிக்குள்தான் நிற்க முடியுமாம். நாம் தேசிக்காய்ப் புளி குடித்தாலும் சோடா குடித்தாலும், சுவாசப்பையும் சிறுநீரகமும் அதை அந்த இடைவெளிக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கும். கூடியதை வெளியே தள்ளிவிடும். தாளில் நாம் பார்க்கும் நிறம் அப்படித் தள்ளியதன் நிறம், உடம்பின் நிறம் அல்ல. தவராசா வாந்தி எடுத்து, தண்ணீரும் குடிக்காமல் வற்றிப்போனதால் சிறுநீரகத்தால் தள்ளி முடியவில்லை. முன் மேசைப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான்.

அடுத்த நாள் காலை நான் போனபோது அவர் விரல்கள் விரிந்திருந்தன. மூன்றாம் நாள் சீனி போட்டுத் தேத்தண்ணீர் கேட்டார். ஏன் தன் சேர்ட்டுகள் எல்லாம் சூட்கேசுக்குள் இருக்கின்றன என்று அக்காவிடம் கேட்டாராம். அக்கா அதை என்னிடம் நான்கு தரம் சொன்னார்.

தலையாட்டிய கதையை மிஸ்ஸிடமும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை அந்த லொட்ஜுக்குப் போய் எல்லாருக்கும் சொல்லும்."

"மிஸ், நீங்களும் வந்தீங்கன்னா..."

"தலையாட்டினது நீர்தானே?"

ஞாயிறு காலை லொட்ஜின் கீழ் மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். தவராசா முதல் கதிரையில் இருந்தார், இன்னும் கொஞ்சம் மெலிவு. நான் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். இரண்டு இடத்தில் அமிலத்தையும் காரத்தையும் மாற்றிச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஆனால் சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் பின்னால் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"அதெல்லாம் சரி தம்பி. எனக்குச் செவ்வாய்க்கிழமை மெடிக்கல். அப்ப சிவப்பு வந்தால் நல்லதோ?"

முப்பது முகமும் என் பக்கம் திரும்பின. என் கழுத்து தானாக அசையப் பார்த்தது, பிடித்துக்கொண்டேன்.

"தெரியாதுங்க ஐயா," என்றேன். "நான் போத்தல் கழுவுற ஆளு. டொக்டருக்கிட்டக் கேளுங்க. அது வரைக்கும் ஒண்ணும் குடிக்காதீங்க."

பெரியவர் உட்கார்ந்தார். பிறகு எழுந்து மாடிக்குப் போய், ஒரு கடுதாசிப் பொட்டலத்தோடு இறங்கி வந்து என் முன்னால் மேசையில் வைத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் போனார். அரை மணித்தியாலத்துக்குள் மேசையில் பதினொரு அப்பச்சோடாப் பொட்டலம். இவ்வளவையும் என்ன செய்வது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, லொட்ஜ்காரரின் மனைவி ஒரு பொட்டலத்தைப் பிரித்து மணந்து பார்த்தார். ஒரு நாளைக்குத்தானே, அப்பம் சுடுவோம் என்றார். சமைக்கக் கூடாத லொட்ஜில் அன்று பின்னேரம் இரண்டு அப்பத் தாச்சி அடுப்பில் ஏறின. என்னையும் இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். எல்லோருக்கும் தட்டு வந்தது. தவராசா மட்டும் தன் தட்டைப் பக்கத்தில் இருந்த அக்காவிடம் தள்ளினார்.

"எனக்கு வேண்டாம் அக்கா. நான் என்ரை பங்கை முன்னமே குடிச்சு முடிச்சிட்டன்."